இடது தோள் பெல்ட்

நண்பா குராமோச்சி,

கையெழுத்து என் மனைவியுடையது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். நீ அனுப்பிய முலாம்பழத்தையும் அவள்தான் ஊட்டிவிட்டாள். நல்ல இனிப்பு.

என் விபத்து வரை நாம் இருவரும் மாறி மாறி ஓட்டிய ரேஸ் காரை இப்போது உன்னோடு ஓட்டும் இளைஞன் சுகனோ போன வாரம் என்னைப் பார்க்க வந்தான்.

"பந்தயத்து நடுவுல டிரைவர் மாறும்போது குராமோச்சி அண்ணன்தான் இறங்கி எனக்கு சீட் பெல்ட் மாட்டிவிடுவாரு. ஏதாவது சொல்லணுமாண்ணே?" என்று கேட்டான்.

"அவனுக்குக் கை வேகம். அவன் மாட்டுனதும் இடது தோள் பெல்ட்டை நீயே ஒரு தடவை இழுத்துப் பாத்துக்க," என்றேன். அவன் அசையாமல் கிடக்கும் என் கால்களைப் பார்த்தான்.

நேற்று ஃபுஜியில் நடந்த ஜிடி கார் பந்தயத்தை டிவியில் பார்த்தேன். நீ அவனுக்கு பெல்ட் மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தப் போனாய். அவன் கை காட்டி உன்னை நிறுத்திவிட்டு, இடது தோள் பெல்ட்டை இழுத்துப் பார்த்தான். கேமரா உன் முகத்திலேயே நின்றது. அந்தத் தாமதத்தில் முதலிடம் போயிற்று. மெக்கானிக்குகள் ஒருவரும் உன் பக்கம் திரும்பவில்லை.

பெல்ட் அசையவே இல்லை. இந்த முறை நன்றாக இறுக்கியிருந்தாய்.

இனி ஒவ்வொரு பந்தயத்திலும் அவன் இழுத்துப் பார்ப்பான். நான் ஒன்றுவிடாமல் பார்ப்பேன். எனக்கு வேறு வேலை இல்லை.

உன் பழைய கூட்டாளி