தம்பியின் முப்பது காயின்

அன்புத் தம்பிக்கு,

மாமா எழுதுகிறேன். இன்று மதியம் இரண்டு நாற்பத்திரண்டுக்குச் செய்தி வந்தது. பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நின்றுகொண்டே செய்யும் வேலை என்றாய், இடையில் உட்கார விடுகிறார்களா?

போன வாரம் நீ கேட்டிருந்தாய். "மாமா, என் முப்பது காயினை ஸ்பாட்லயே விடட்டுமா, ஃப்யூச்சர்ஸ்ல போட்டுப் பாக்கட்டுமா? நீங்க இன்ஜினியர், கணக்குப் போட்டுச் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் முதல்ல என் வாலட்டுக்கு அனுப்பிடுங்க" என்று. அந்த வாலட்டின் முகவரியும் அனுப்பியிருந்தாய். ஆறு நாளாக நான் பதில் போடவில்லை. வேலை அதிகம் என்று நினைத்திருப்பாய். வேலை இல்லை, பயம்.

உன் அக்காவின் கிரிப்டோ கணக்கில் எண்பது காயின் இருந்தது உனக்குத் தெரியும். அதில் ஐம்பது, பல் செட் செய்யும் லேபில் சம்பளம் வந்த மறுநாளெல்லாம் அவள் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியது. முப்பது, நீ அனுப்பிய பணத்தில் உனக்காக வாங்கியது. எல்லாமே ஸ்பாட். வாங்குவாள், வைப்பாள், வேறு வேலையைப் பார்ப்பாள். ஒரு மாதம் விலை பாதியாக விழுந்தது. நான் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த ஒரு பல் அச்சைத் தேய்த்தபடியே, "விலைதானே குறைஞ்சுது, காயின் எங்கயும் ஓடிப்போகலையே. வேணும்னா எண்ணிப் பாருங்க. நடக்கறதை நிறுத்துங்க, தரை தேயுது" என்றாள்.

என் ஷிஃப்டில் ஒருவன் இருக்கிறான், ராக்கெட் என்று கூப்பிடுவோம். அவள் இறந்துபோன நாலாவது மாதம், கேண்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தான். "ஸ்பாட்டுங்கறது வயசானவங்க வாக்கிங் போற மாதிரி தலைவரே. ஃப்யூச்சர்ஸ் பைக்கு. ஒரு தடவை ஏறிப் பாருங்க" என்றான். இப்போது அவன் தன் பைக்கை விற்றுவிட்டு பஸ்ஸில் வருகிறான். கேட்டால், "பஸ்ல காத்து நல்லா வருது" என்கிறான்.

வித்தியாசம் இவ்வளவுதான் தம்பி. ஸ்பாட்டில் காயினை வாங்குகிறாய். விலை விழுந்தாலும் காயின் உன்னிடம் இருக்கும், ஏறும்வரை காத்திருக்கலாம். ஃப்யூச்சர்ஸில் விலை எந்தப் பக்கம் போகும் என்று பிணை வைத்துச் சொல்கிறாய். பத்து காயின் பிணை வைத்தால் நூறு காயின் அளவுக்கு விளையாட விடுவார்கள். விலை பத்து சதவீதம் எதிர்ப்பக்கம் போவதற்குள்ளேயே பிணை முழுவதையும் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த நிமிடமே விலை திரும்பி வந்தாலும் உனக்கு ஒன்றும் கிடையாது. காத்திருக்கும் உரிமையே அங்கே இல்லை.

நான் அவளுடைய ஐம்பதிலிருந்து பத்தை எடுத்து வைத்தேன். விலை ஏறும் என்று வைத்தேன். இறங்கியது. ஃபோனில் அலாரம் அடித்தது. பிணை சேர்த்தால், எந்த விலையில் எல்லாம் போகும் என்று காட்டும் சிவப்புக் கோடு கொஞ்சம் கீழே தள்ளிப்போகும். பத்து சேர்த்தேன். பிறகு இன்னொரு அலாரம், இன்னொரு பத்து. பிறகு இருபது. ஆலையின் கண்ட்ரோல் ரூமில் ஒன்பது வருடம் உட்கார்ந்தவன் நான். அங்கே அலாரம் அடித்தால் யோசிக்கக் கூடாது, கை போய்விட வேண்டும். அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். அந்தக் கைதான் இங்கேயும் போனது. கைக்கு பாய்லர் எது, சூதாட்டம் எது என்று தெரியவில்லை.

இதை மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். மீதியையும் சொல்கிறேன்.

கண்ட்ரோல் ரூமுக்குள் ஃபோன் கூடாது, வெளியே லாக்கரில் வைக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அவள் போன அன்றைக்கு, லேபிலிருந்து ஆறு முறை கூப்பிட்டிருக்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோதுதான் பார்த்தேன். அந்த ஆறு மிஸ்டு காலைப் பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு பகல் நேர மெயின்டனன்ஸுக்கு மாற்றிக்கொண்டேன். அங்கே ஃபோன் கையிலேயே இருக்கலாம். குளிக்கும்போதும் சோப்பு வைக்கும் இடத்தில் வைத்துக்கொள்கிறேன். ஆனால் அது அடிப்பதே இல்லை தம்பி. யார் கூப்பிடப் போகிறார்கள்? ஸ்பாட்டில் கிடக்கும் காயின் எந்தச் சத்தமும் போடாது. ஃப்யூச்சர்ஸ் கூப்பிடும். கூப்பிட்டது. ஒவ்வொரு முறையும் ஓடிப்போய் எடுத்தேன். இந்த நாலு மாதத்தில் ஒரு அலாரத்தைக்கூட நான் தவறவிட்டதில்லை.

இன்று எனக்கு லீவு. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு நாற்பத்திரண்டு. விலை மூன்றில் ஒரு பங்கு விழுந்திருந்தது. பிணை சேர், இல்லாவிட்டால் ஐம்பதும் போகும் என்று செய்தி. சேர்ப்பதற்குக் கணக்கில் மிச்சம் இருந்தது உன் முப்பது மட்டும்தான்.

நான் எடுக்கப் பார்த்தேன். ஒளிக்க விரும்பவில்லை. ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறேன். திரையில் 30 என்று அடித்திருக்கிறது. அடித்தது நான்தான், ஆனால் அடித்த ஞாபகம் இல்லை. கணக்குக்குள் எந்தப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும் என்று கேட்டது. உன் காயினுக்கு உன் அக்கா தனிப் பெட்டி போட்டு வைத்திருந்தாள். அதன் பெயரை இன்றுதான் முதல்முறை படித்தேன். "தம்பியுது. தொடாதீங்க."

கணக்கை என்னைத் தவிர வேறு யாரும் திறக்கப் போவதில்லை. அவள் யாருக்காக அதை எழுதினாள் என்று எனக்குத் தெரியும்.

அந்த முப்பதையும் அங்கிருந்தே உன் முகவரிக்கு அனுப்பிவிட்டேன். முகவரியில் ஒரு எழுத்து தப்பினாலும் போனது போனதுதான், யாரிடமும் கேட்க முடியாது. முன்பெல்லாம் நான் ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பேன், அவள் தன் திரையைப் பார்த்து "ம்" என்பாள். இன்றும் சத்தமாகப் படித்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். நாலு முறை படித்த பிறகுதான் கை அனுப்பச் சம்மதித்தது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று காட்டியது. நீயும் ஒரு முறை பார்.

அவளுடைய ஐம்பது இப்போது இருக்கிறதா என்று தெரியவில்லை. இந்தப் பேப்பரை எடுத்ததிலிருந்து இரண்டு முறை அலாரம் அடித்துவிட்டது. நான் எடுக்கவில்லை. எடுக்காமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதை ஒரு தடவை பார்த்தவன் நான்.

நீ கேட்டதற்குப் பதில்: ஸ்பாட். வைத்துவிட்டு வேறு வேலையைப் பார். ராக்கெட் மாதிரி ஒருவன் அங்கேயும் உனக்கு எதிரே வந்து உட்காருவான். உட்காரட்டும். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடு. அந்த ஐம்பதில் அவள் உனக்கென்று என்ன நினைத்து வைத்திருந்தாளோ, சம்பளத்திலிருந்து மாதாமாதம் அனுப்பிக் கட்டிவிடுகிறேன். திட்டுவதென்றால் நன்றாகத் திட்டு, ஆனால் மாமா என்று கூப்பிட்டுத் திட்டு. அந்தப் பெயரில் என்னைக் கூப்பிட இனி நீ ஒருவன்தான் இருக்கிறாய்.

கடிதம் வந்துசேர நாள் ஆகும். அதனால் சாயங்காலம் மேல்வீட்டு டெய்லர் அக்கா ஃபோனிலிருந்து, காயின் வந்ததா என்று மட்டும் உன்னைக் கேட்பேன். அந்த நம்பரை எழுதி வைத்துக்கொள். அவசரம் என்றால் அதில் கூப்பிடு, அவர் மெஷினை நிறுத்திவிட்டுப் படியிறங்கி வந்து சொல்வார். அவசரம் இல்லாவிட்டாலும் கூப்பிடு.

நீ நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. உன் அக்காவின் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. என்னுடையதும் சேர்த்து வைத்துக்கொள், அதற்கு மதிப்பு இருந்தால்.

உன் மாமா

கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது மறுபடி அடித்தது. ஃபோனை அணைத்துவிட்டேன்.