மீதி பூச்சியம் வரவில்லை

காலையில் எழுந்ததும் அறையெல்லாம் சூடேறிய தூசி வாடை. உன் கம்ப்யூட்டர்தான். ஒன்பது நாளாக என் மேசைக்கடியில் ஓடி, ஒருவழியாக முடித்துவிட்டது. நீ பிடித்து வைத்திருந்த எண் பகா எண் இல்லையாம்.

நாலில் தொடங்கி, வர்க்கம் எடுத்து, இரண்டைக் கழித்து, உன் பெரிய எண்ணால் வகுத்து, மீதியை மறுபடி வர்க்கம் எடுத்து, இப்படியே கோடிக்கணக்கான தடவை. கடைசி மீதி பூச்சியமாக இருந்தால் பகா எண். வரவில்லை. ஏதோ ஒன்றால் வகுபடும், எதனால் என்று இந்தச் சோதனை சொல்லாது. நீ இருந்தால் இதற்கும் சிரித்திருப்பாய். எனக்கு உன் மேல் கோபம்தான் வருகிறது.

இரண்டை இரண்டாலேயே கோடிக்கணக்கான தடவை பெருக்கி, ஒன்றைக் கழித்து, அதில் பகா எண் தேடும் கிறுக்கு உனக்குச் சித்தூர் காலேஜில் கணக்கு படித்தபோதே பிடித்தது. "கம்ப்யூட்டர் பாசைல, ஒண்ணும் பூச்சியமுமா எழுதிப் பாருடா. பூராவும் ஒண்ணு. நடுவால ஒரு பூச்சியங்கூடக் கெடையாது" என்பாய். உன் வடகரப்பதித் தென்னந்தோப்பின் மோட்டார் ரூமில் கம்ப்யூட்டரை வைத்தாய். மோட்டார் போட்டால் வோல்டேஜ் தாங்காது. கம்ப்யூட்டரை நிறுத்துவாய், தென்னைக்குத் தண்ணீர் பாய்ந்ததும் மறுபடி போடுவாய். விட்ட இடத்திலிருந்தே ஓடும். தினமும் நடந்ததுதானே இது?

கோயமுத்தூர் டாக்டர் உடனே ஆஸ்பத்திரியில் வந்து படுக்கச் சொன்னார். இதயத்தில் அடைப்பு, ஆபரேஷன் செய்ய வேண்டும். நீ உன் மனைவியிடம், "கம்ப்யூட்டர நடுவுல நிறுத்துனா எல்லாம் வீணாப் போயிரும். முடியட்டும், வர்றேன்" என்று கூசாமல் சொன்னாய். மோட்டார் ரூம் பக்கமே வராதவள் அவள். என்னைப் பார்த்து, "நெசமாங்ணா? நிறுத்தவே கூடாதுங்களா?" என்று கேட்டாள்.

உன் முகத்தைப் பார்த்தேன். உன் அப்பா அதே ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பவில்லை. பயந்து நடுங்கிக்கொண்டிருந்தாய். பயம் என்று சொல்லித் தொலைத்திருந்தால் தோளில் தூக்கிக்கொண்டாவது போயிருப்பேன். உன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நான், "ஆமாம்மா, கொஞ்ச நாள்தான்" என்றேன். ஆறாம் நாள் நீ போய்விட்டாய்.

அன்றைக்கு அவள் மோட்டார் ரூமுக்கு ஓடி ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். காரியமெல்லாம் முடிந்து, "இந்தச் சனியன எடுத்துட்டுப் போயிருங்ணா" என்றாள். இங்கே கொண்டுவந்து சொருகினேன். தென்னைக்குத் தண்ணீர் விட்டு வந்ததுபோல, விட்ட இடத்திலிருந்தே ஓடியது. எட்டி உதைக்கலாம் போலிருந்தது.

இன்று மனசு கேட்காமல் அவளுக்குப் போன் செய்து உன் கணக்கு ஓடி முடிந்துவிட்டது என்றேன்.

"நாந்தான் ஒயரப் புடுங்கிப் போட்டனே. அப்புறம் எப்படிங்ணா முடிஞ்சுது?"

போனை வைத்துவிட்டேன். பதில் சொல்ல வேண்டியவன் நீ, சொல்லாமல் போய்விட்டாய். சட்டையை மாட்டிக்கொண்டு அவளைப் பார்க்கக் கிளம்புகிறேன். நீ பயந்ததைச் சொல்வேன். நான் பொய் சொன்னதையும் சொல்வேன். அதற்கப்புறமும் அவள் என்னை அண்ணா என்று கூப்பிடுவாளா, தெரியவில்லையடா.