படையலில் புகையாத சுருட்டு

என்னை அதட்டிக்கொண்டே அருமையாக வைத்திருந்த அத்தைக்கு,

முதலில் நல்ல சேதி. உங்கள் கொள்ளுப்பேரன் சுரேஷ் ஐடிஐ முடித்து ராணிப்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சின்னவன் பத்தாவதில் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதல். அவன் வாத்தியார் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். மஞ்சுளா நர்ஸ் படிப்பை முடித்து, பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்கு ஆர்டரும் வாங்கிவிட்டாள். ஐந்தாவதோடு நின்ற என் வீட்டில் இவ்வளவும்! தெருவில் யார் எதிரே வந்தாலும் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் சொல்லாமல் இருப்பேனா?

ஆனால் மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. இதை எழுத உட்கார்ந்தவள் அதற்குள் எழுந்து வாசலுக்குப் போய் வந்தேன். தபால்காரர் வரும் நேரம் இல்லை என்று தெரியும். இருந்தும் போனேன்.

உங்கள் வருஷ திதியன்று நடந்ததைச் சொல்கிறேன். நீங்களே பார்த்திருப்பீர்கள். பார்த்தீர்களா?

கார்த்திகை தீபம் பார்க்க வந்த கூட்டம் ஊரைவிட்டுக் கலைந்துகொண்டிருந்த மழை நாள். கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, புதுப் புடவை எல்லாம் உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தோம். சுருட்டு இல்லாவிட்டால் நீங்கள் சோற்றைத் தொட மாட்டீர்கள் என்று உங்கள் சின்ன மகன் ஏழுமலை கடைக்குப் போய் வாங்கி வந்தான். அவனே பற்றவைத்தான். கன்னம் குழி விழ இழுத்தான். நுனி கொஞ்சம் சிவந்து, கறுத்துவிட்டது. மறுபடி பற்றவைத்தான். மறுபடியும் அணைந்தது.

"அண்ணி, அம்மா வாங்கிக்க மாட்டேங்குது" என்றான். "பொம்பளப் புள்ளய அவ்ளோ தூரம் அனுப்புறது அதுக்குப் புடிக்கல. இதுக்கு மேல எப்படிச் சொல்லும்?"

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் மஞ்சுளாவைப் பார்த்தார்கள். திங்கட்கிழமை அவள் வேலையில் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். அவள் அப்பா, என் மகன், தலையைக் குனிந்துகொண்டான். நீங்கள் வேண்டாம் என்றால் அவன் அனுப்ப மாட்டான். ஆயா பேச்சை என்றைக்குத் தட்டினான்?

நான் எழுந்து சுருட்டைக் கையில் எடுத்தேன்.

"படையல்ல வச்சத எடுக்கறீங்களே அண்ணி!"

"உங்கம்மா புடிக்கலன்னா சுருட்டுகிட்டயா சொல்லி அனுப்பும், தம்பி? குழம்புல உப்பு கம்மின்னாலே தெருக்கோடி வரைக்கும் கேக்குமே! மழையில நனைஞ்ச பையில போட்டு எடுத்தாந்திருக்க. எல ஊறி அடைச்சிக்கிச்சு, அவ்ளோதான்."

அடுக்களைக்குக் கொண்டுபோய் விரலால் நீளமாகத் தடவிப் பார்த்தேன். நடுவில் ஒரு இடம் கட்டியாக இருந்தது. அடுப்பு ஓரத்தில் சூடு படும்படி கொஞ்ச நேரம் வைத்தேன். ஈரம் வற்றியதும் கட்டி இருந்த இடத்தை மெல்லப் பிசைந்து, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினேன். அழுத்தினால் மேல் இலை வெடித்துவிடும். அதனால் பூப்போல உருட்டினேன். அப்புறம் வாயில் வைக்கும் பக்கமாகக் கோணி ஊசியை விட்டுப் புகைக்கு வழி பண்ண வேண்டும்.

ஊசியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன் அத்தை. இப்படியே கொண்டுபோய் வைத்துவிட்டால் போதும். புகையாது. மஞ்சு என்னோடே இருப்பாள். பொழுது சாய்ந்தால் பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கும். யாரும் என்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பழியெல்லாம் உங்கள் மேல்தான் போகும்.

பிறகு ஊசியை விட்டேன். கட்டியைத் தாண்டும்வரை திருகித் திருகி விட்டு, உருவி எடுத்தேன்.

ஊசியும் கையுமாகக் கூடத்துக்கு வந்து எல்லார் முன்னாலும் நானே வாயில் வைத்துப் பற்றவைத்தேன். குப்பென்று புகை வந்தது. இருமலில் கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஆயா, மாமியா எடத்த புடிச்சிட்டியா?" என்றாள் மஞ்சு. காலையிலிருந்து வாயே திறக்காதவள். கூடமே சிரித்தது. ஏழுமலையும் சிரித்தான். ஆனால் சுருட்டை உங்கள் படத்துக்கு முன்னால் வைக்கும்போது, "செத்தப்புறமும் அம்மாவ ஊசியால குத்தி வழிக்குக் கொண்டாந்துட்டீங்க அண்ணி" என்று என் காதோரம் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெங்களூர் போகக் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். போய்ச் சேர்ந்ததும் நம் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு என்னோடு பேசினாள். "நல்லா இருக்கேன் ஆயா" என்றாள். குரல் கம்மியிருந்தது. சளியா, அழுகையா? அதற்கப்புறம் பேச்சே இல்லை.

ஏழுமலை விளையாட்டுக்குச் சொன்னதுதான். எனக்குத்தான் விளையாட்டாக இல்லை. நிஜமாகவே வேண்டாம் என்றீர்களா அத்தை? அல்லது எனக்கு அவளை அனுப்ப மனசில்லாமல், அதை உங்கள் தலையில் ஏற்றிப் பார்க்கிறேனா? நீங்கள் இருந்திருந்தால் ஒரு அதட்டலில் தெரிந்துபோயிருக்கும்.

இன்றைக்கே மஞ்சுவுக்கும் கடுதாசி போடுகிறேன். வெள்ளை உடுப்பில் புதுசாக ஒரு போட்டோ பிடித்துத் தபாலில் அனுப்பச் சொல்லப் போகிறேன். ஸ்டுடியோக்காரன் சொன்னான் என்று பல்லைக் காட்டாதே, எப்படி இருக்கிறாயோ அப்படியே நில் என்று எழுதுவேன். முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். வந்ததும் முதலில் உங்களிடம்தான் காட்டுவேன். முகம் வாடியிருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே போய் அவளைக் கூட்டி வருவேன். யார் கேட்டாலும், கூட்டி வந்தது நான், மனசு கேட்காதது எனக்கு என்று சொல்வேன். உங்கள் பெயரை இழுக்க மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் அதட்டலுக்குக் காத்திருக்கும்
மூத்த மருமகள்