ஒத்திகைக்கு முதல் நாளே வந்த பஸ்

அன்புள்ள மகள் சிவசங்கரிக்கு,

வரதய்யபாளையத்திலிருந்து நைனா எழுதுவது. என் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பாப்பா ரக்ஷிதாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஏழுமலையானைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு நிற்பாள், அதனால்தான் இந்த எட்டாங்கிளாஸ் கையெழுத்தைப் படிக்கிற தண்டனை உனக்கு.

உங்கள் ஊர் அணுமின் நிலையத்து ஆபத்துக்கால ஒத்திகையில் பஸ் ஓட்டி வந்ததற்காக எனக்குப் போட்ட சால்வையை உன் அம்மா பீரோ கண்ணாடியில் மாட்டி வைத்திருக்கிறாள், வருகிறவர்களிடமெல்லாம் "எங்க வூட்டுக்காரரு ஊரையே காப்பாத்திக்கினு வந்தாரு" என்கிறாள், நானும் மறுக்காமல் மீசையைத் தடவிக்கொள்கிறேன். ஆனால் உன்னிடம் மறைக்க முடியவில்லை அம்மா. போன வருஷ ஒத்திகையில் சைரன் ஊதி மதியம் ஆகியும் ஜனங்களை ஏற்றிப்போக பஸ் வரவில்லை, பார்க்க வந்த மேலதிகாரிகள் அதைக் குறை என்று எழுதிவிட்டார்கள், அதைச் சரிசெய்யத்தான் எங்கள் பஸ் முதலாளி முனிகிருஷ்ணனோடு ஒப்பந்தம் போட்டார்கள். உன் தெருவுக்கு நான்தான் போவேன் என்று நானே கேட்டு வாங்கினேன். சைரன் ஊதியதும் உன் வாசலில் பஸ் வந்து நின்றதே, அது இங்கிருந்து பறந்து வரவில்லை. முதல் நாளே எங்களை வரவழைத்து, உங்கள் ஊர் புயல் காப்பகத்துக்குப் பின்னால் நிறுத்தி, வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கூப்பிடு தூரத்தில் மகளை வைத்துக்கொண்டு பொட்டலச் சோறு தின்ற அப்பன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நிஜமாக நடக்கிற அன்றைக்கும் முதல் நாளே சொல்வீர்களா சார் என்று அங்கிருந்த அதிகாரியைக் கேட்டேன். அவர் சிரித்து, "டைமுக்கு வந்துட்ட இல்ல பெரியவரே, குறை தீர்ந்துபோச்சு, போய் டிபன் சாப்பிடு" என்றார். நானும் போய் இரண்டு வடை கூடுதலாகவே வாங்கித் தின்றேன்.

ஊருக்கு வந்து, நிஜமாக நடந்தால் நம் பஸ் எங்கே இருக்கும் என்று முதலாளியைக் கேட்டேன். "ட்ரிப்பு எங்க இருக்குதோ பஸ் அங்கதான் இருக்கும் கன்னையா, சும்மா நிறுத்திக்கினு இருந்தா டீசல் உங்க தாத்தாவா போடுவாரு" என்றார். அவரைச் சொல்லியும் என்ன. விடிந்தால் ஸ்ரீசிட்டி கம்பெனி ஷிப்ட், புரட்டாசியில் எல்லா வண்டியும் திருப்பதியில். ஆட்களை இறக்கிவிட்டு உன் ஊருக்கு வர ஐந்து மணி நேரம், அதுவும் ரோடு காலியாக இருந்தால். ஊரே உயிருக்கு பயந்து எதிரே ஓடி வரும்போது ரோடு காலியாகவா இருக்கும். இதையெல்லாம் உன்னிடம் சொல்லாமலே விட்டிருப்பேன். ஆனால் வேறு ஊரில் வீடு பார்த்துக்கொண்டிருந்த நீ, நைனா பஸ் இருக்கும்போது எதுக்கு என்று விட்டுவிட்டதாக அம்மா சொன்னாள், பக்கத்து வீட்டுப் பத்மினியும் என்னை நம்பித்தான் இருக்கிறாளாம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். மாப்பிள்ளைக்கு வேலை அங்கே இருக்கும்வரை நீ எங்கே போவாய் என்பதும் தெரியும். மேலிடத்துக்கு எழுதலாம் என்றால், குறை தீர்ந்துவிட்டது என்று அவர்களே எழுதி முடித்துவிட்டார்கள், சால்வையோடு நான் பல்லைக் காட்டுகிற போட்டோவையும் சேர்த்து.

பாப்பாவுக்கு என் முத்தம். மூன்று பேரும் நூறு வயசு இருங்கள். வண்டியில் எப்போதும் பாதி டேங்க் பெட்ரோலாவது வைத்திருக்கச் சொல் மாப்பிள்ளையை. சைரன் கேட்டால் என்னைத் தேடாதே, போன் போடாதே, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பு, பத்மினியையும் கிளப்பு. நான் எப்படியும் வந்துகொண்டுதான் இருப்பேன். வழியில் என் பஸ் எதிரே வந்தால் கைகாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இரு, நிற்காதே.

உன் நைனா,
கன்னையா