கப்பலிலும் அதே கஞ்சி

கப்பலில் இருந்து,
மூன்றாம் நாள்.

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை. அம்மாவிடம் விசாரித்துக்கொள்கிறேன். நடுக்கடலில் போன் எடுக்காது. எடுத்தாலும் உன்னோடு போனில் பேசிப் பிரயோஜனமில்லை, பேச்சை மாற்றிவிடுவாய். எழுதியதை மாற்ற முடியாது. அடுத்துக் கரை தொடுகிற ஊரில் இதைத் தபாலில் போடுவேன்.

முதலில் உன் விஷயம். இது உன் அலுவலகக் குலுக்கலில் உனக்கு விழுந்த பயணம். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினோடு இருக்க வேண்டிய உன்னால் வர முடியாது, சரி. அம்மாவும் அத்தானும் உன்னை விட்டு நகர மாட்டார்கள், அதுவும் சரி. ஆனால் அப்பாவையும் என்னையும் பிடித்துத் தள்ளாத குறையாக ஏற்றி அனுப்பினாயே, அது எதற்கு? இந்த வருஷத்துக்குள் மாற்றுச் சிறுநீரகம் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வீட்டில் யாரிடமும் வாங்க மாட்டேன், பட்டியலில் பெயர் இருக்கிறது, காத்திருக்கிறேன் என்று நீ பேச்சை அடைத்துவிட்டாய். இப்போது எங்களையும் பன்னிரண்டு நாளுக்கு வெளியே அனுப்பியிருக்கிறாய். எனக்கு இது சரியாகப் படவில்லை.

அதைவிடச் சரியாகப் படாதது அப்பா. அவர் எதையோ மறைக்கிறார்.

இங்கே காலைச் சாப்பாடு மேல்தளத்தில். மேசைகளைச் சேர்த்துப் போட்டிருப்பது அப்பா ஓட்டிய பேருந்தைவிட நீளம். ரொட்டியிலேயே பதினான்கு வகை. வெண்ணெய் சொட்டுகிறது. கேக்கைக் காலை ஏழு மணிக்கே வெட்டி வைத்திருக்கிறார்கள். இத்தனையையும் தாண்டி அப்பா கடைசி மூலைக்கு நடக்கிறார். அங்கே ஓட்ஸ் காய்ச்சுகிற சமையல்காரர் ஒருவர் இருக்கிறார். நான் அவருக்குக் கஞ்சி மாஸ்டர் என்று பெயர் வைத்திருக்கிறேன். வீட்டில் நாலு மாதமாகச் சாப்பிடுகிற அதேதான்: தண்ணீரில் வெந்த ஓட்ஸ், உப்பு சர்க்கரை கிடையாது, அரை ஆப்பிள் நறுக்கிப் போட்டது, அவித்த முட்டையில் வெள்ளை மட்டும். மூன்று நாளும் இதே. திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நீயே யோசி. டீ குடித்து முடித்தபின் கிளாஸின் அடியில் தங்கிய சர்க்கரையை விரலால் வழித்து நக்கிய மனுஷன். முப்பத்தொரு வருஷம் வண்டி நிற்கிற இடமெல்லாம் தின்றுதான் அந்த வயிற்றைச் சம்பாதித்தார். அவருக்கு இந்தக் கஞ்சி பிடித்துப்போய்விட்டதாம். "எனக்கு இதுதாண்டா இப்ப ருசி. நாக்குக்கும் வயசாகுதில்ல" என்கிறார். ஒருநாளாவது ஒரு துண்டு கேக்கைத் திருடித் தின்றிருந்தால் நம்பியிருப்பேன். தப்பே செய்யாத அப்பாவை எனக்குத் தெரியாது.

இன்னொன்று. ஐந்தரைக்கே எழுந்து சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு எங்கேயோ போய்விடுகிறார். நான் ஏழு மணிக்கு மேலே போனால் பெரிய வெயில் தொப்பி வைத்த ஓர் அம்மாளுக்கு எதிரே உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார். அந்த அம்மாள் சிரிக்கிறார். அப்பாவும் சிரிக்கிறார். இந்தப் பத்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

நேற்று திடீரென்று, "ஏண்டா, கப்பல்ல எடை மெஷின் சரியா காட்டுமா?" என்று கேட்டார். நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். நாள் முழுக்க எடைக் கருவிகளைச் சோதித்து முத்திரை வைப்பதுதானே என் பிழைப்பு, இங்கேயும் அதேவா என்று எரிச்சல். "மெஷின் பொய் சொல்லாதுப்பா, மனுஷன்தான் சொல்வான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். அவர் எதற்குக் கேட்டார் என்பது பிறகுதான் உறைத்தது. இந்த வயதில் எடையைப் பற்றிக் கவலைப்படுகிறவர் ஒன்று யாருக்காகவோ அழகாகப் பார்க்கிறார், இல்லை டாக்டர் எதையோ சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார். எது என்று கண்டுபிடித்து எழுதுகிறேன்.

நேரத்துக்கு மாத்திரை போடு. தண்ணீரை அளந்து குடி.

இப்படிக்கு,
உன் தம்பி


ஆறாம் நாள்.

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று முன்தினத்திலிருந்து கடல் சரியில்லை. தம்ளரைக் கீழே வைக்க முடியவில்லை. எனக்கு வாந்தி, அப்பாவுக்கு ஒன்றுமில்லை. "மலைப்பாதையில ஓட்டினவனுக்கு இதெல்லாம் தாலாட்டு" என்கிறார்.

தொப்பிக்கார அம்மாள் சந்தேகம் தீர்ந்தது. லிஃப்ட் வாசலில் அவரே என்னைப் பிடித்தார். பக்கத்தில் அலமாரி அளவுக்கு அவருடைய வீட்டுக்காரர். "அவரு உங்க அப்பாவாப்பா? காலைல உடற்பயிற்சிக் கூடத்துல அந்த எடை மெஷின விடமாட்டேங்கறாரு. ஏறுறாரு, எறங்குறாரு, செருப்பைக் கழட்டிட்டு ஏறுறாரு, மறுபடி எறங்குறாரு. நான் அரைமணி நேரமா நிக்கிறேன். கேட்டா ஒவ்வொரு தடவயும் ஒரு ஜோக் சொல்றாரு, நானும் சிரிச்சுத் தொலைக்கிறேன்" என்றார். வீட்டுக்காரர், "சட்டையக்கூடக் கழட்டிட்டு ஏறினாருங்க, நான்தான் போதும்னேன்" என்று சேர்த்துக்கொண்டார். எனக்கு மானம் போயிற்று.

அழகுக்காக இல்லை என்று ஆனது. மிச்சமிருப்பது இரண்டாவது காரணம். டாக்டர் அவரிடம் என்ன சொன்னார் என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

நேற்றுக் காலை சோதித்துப் பார்த்தேன். வெண்ணெய் ரொட்டி ஒன்றைக் கொண்டுபோய் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பார்த்தார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு விரல் நுனியால் தள்ளிவிட்டார். கஞ்சிதான் ருசி என்று சொல்கிறவரின் முகம் அது இல்லை. அப்புறம் கவனித்தேன், அவர் முன்னால் கஞ்சியும் இல்லை. சர்க்கரை போடாத கறுப்புக் காப்பி மட்டும். வயிறு மந்தமாம். இன்று காலை கஞ்சி மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "சாருக்கு என் கஞ்சி புடிக்காம போச்சா? ரெண்டு நாளா கிண்ணத்த எடுக்கவே இல்லையே" என்று முகம் வாடக் கேட்டார். மதியம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி சூப். அவ்வளவுதான்.

எடையைத் தினமும் பார்க்கிறார், ஆனால் சாப்பிடவில்லை. உடம்புக்குள் ஏதோ இருக்கிறது, அது எடையைத் தின்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். என் கணிப்பு இது. நேராகக் கேட்டேன். "ஒனக்கு வேற வேலையே இல்லையா, போய்க் கடலப் பாரு" என்று திட்டிவிட்டுத் தன் பர்ஸைத் தலையணைக்கு அடியில் தள்ளினார். கப்பலில் பர்ஸை யார் எடுக்கப் போகிறார்கள்? என்னைத் தவிர அறையில் யார் இருக்கிறார்கள்?

உனக்குத் தெரிந்திருந்தால் அம்மாவிடம் சொல்லி வை, கரையில் போன் செய்யும்போது கேட்டுக்கொள்கிறேன். உனக்கும் தெரியும், நீயும் சேர்ந்துதான் மறைக்கிறாய் என்றும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. சொல்லிவிட்டேன்.

உன் தம்பி


எட்டாம் நாள், துறைமுகத்தில்.

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவுக்கு ஆபத்து ஒன்றுமில்லை. இதை முதலில் படித்துவிட்டு மூச்சு விடு. மற்றதை உட்கார்ந்து படி.

நேற்றுக் காலை உடற்பயிற்சிக் கூடத்தில் இருந்து இறங்கும்போது படிக்கட்டில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். தொப்பிக்கார அம்மாளின் வீட்டுக்காரர் தாங்கிப் பிடித்திருக்காவிட்டால் எட்டுப் படியும் உருண்டிருப்பார். கப்பல் டாக்டர் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, வெறும் பட்டினி, இவ்வளவு சாப்பாடு இருக்கும் கப்பலில் பட்டினி கிடந்த முதல் பயணி இவர்தான் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காப்பீட்டு அட்டையைக் கேட்டார்கள். பர்ஸைத் திறந்தேன்.

உள்ளே நாலாக மடித்த தாள் ஒன்று இருந்தது. உன் மருத்துவமனையின் தாள். உறுப்பு கொடுப்பவருக்கான முதல் பரிசோதனை. பெயர் அப்பாவுடையது. உறவு: தந்தை. ரத்த வகை, பொருத்தம், அழுத்தம், எல்லாவற்றுக்கும் நேரே சரி போட்டிருக்கிறது. அடியில் டாக்டரின் கையெழுத்தில் ஒரு வரி: எடை எண்பதுக்குக் கீழே வந்தபின் வரவும். தேதியும் போட்டிருக்கிறது. நாங்கள் ஊர் திரும்பி ஐந்தாவது நாள்.

நாலு மாதத்துக்கு முன்னால் தொண்ணூற்றிரண்டு. புறப்படும்போது வீட்டுக்குப் பக்கத்து மருந்துக் கடை மெஷினில் எண்பத்திரண்டு. பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார். அதற்குக் கீழே கப்பலில் பார்த்த எண்கள். முதல் மூன்று நாள் எண்பத்தொன்றரை. நாலாம் நாள் எண்பத்தைந்து. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அன்றிலிருந்துதான் கஞ்சியை நிறுத்தியிருக்கிறார்.

அக்கா, கப்பல் அலையில் மேலே எழும்பும்போது மெஷின் கூடக் காட்டும், இறங்கும்போது குறைத்துக் காட்டும். எந்த நொடியில் எண் நிற்கிறதோ அதுதான் எடை என்று அது சொல்லும். என் வேலையில் சேர்ந்த முதல் வாரமே இதைச் சொல்லித் தருவார்கள்: நிலையில்லாத தரையில் எடை போடாதே. அப்பா இதை என்னிடம்தான் கேட்டார். நான்தான் மெஷின் பொய் சொல்லாது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். அவர் என்னை நம்பினார்.

படுக்கையில் இருந்தபடியே தாளைப் பிடுங்கப் பார்த்தார். நான் கத்தினேன். மரியாதை இல்லாமல்தான் பேசினேன், மறைக்கவில்லை. யாரிடமும் வாங்க மாட்டேன் என்று அக்கா சொல்லியாயிற்று, அப்புறம் எதற்கு இந்தத் திருட்டு வேலை என்றேன். அவர் கத்தவில்லை. "இந்த உடம்போட நீங்க ஆபரேஷன் மேசைல படுத்தா எழுந்திரிக்க மாட்டீங்கப்பான்னுதானே அவ சொன்னா? அது நியாயம்தான். தொப்பையும் தொந்தியுமா இருந்தேன். அந்த அப்பாவ வேணாம்னு சொன்னா. நல்ல உடம்போட போய் நிக்கறேன், இந்த அப்பாவ வேணாம்னு சொல்லட்டும், பாக்கலாம்" என்றார். அப்புறம், "கஞ்சிய நெனச்சாலே வாந்தி வருதுடா. யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

என்னிடம் அவர் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். டாக்டர் வீட்டாரைக் கூப்பிட்டுப் பேசிய அன்று எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன், ஞாபகம் இருக்கிறதா? அன்று எனக்கு விடுமுறை. தம்பிக்கு இனிமேல்தான் கல்யாணம் ஆக வேண்டும், அவனைக் கேட்கவே கூடாது என்று நீ அம்மாவிடம் சொன்னதை அடுப்படி வாசலில் நின்று கேட்டேன். உள்ளே வந்து மறுத்திருக்கலாம். அது எனக்கு வசதியாக இருந்தது. இத்தனை நாள் எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று காலை கப்பல் துறைமுகத்தில் கட்டி நிற்கிறது. அப்பாவைக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். முதலில் அங்கே இருந்த இருபது கிலோ இரும்புத் தட்டை மெஷினில் வைத்தேன், சரியாக இருபது காட்டியது. ஐந்து முறை வைத்தேன், ஐந்து முறையும் இருபது. பிறகு அவரை ஏறச் சொன்னேன். எண்பது, நானூறு கிராம். மெஷினில் நின்றபடியே என் தோளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அதேதான். பட்டினியில் குறைந்தது கொஞ்சம் திரும்ப ஏறும், பரவாயில்லை, நாள் இருக்கிறது என்றேன். நேரே கஞ்சி மாஸ்டரிடம் போய் இரண்டு கிண்ணம் வாங்கினேன். எனக்கும் ஒன்று. அக்கா, அது சகிக்கவில்லை. நாலு மாதம் இதைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டிருக்கிறார்.

கரையில் இருந்து அம்மாவிடம் போனில் பேசினேன். நீ நாலு மணி நேரம் இருக்க வேண்டிய மெஷினில் இருந்து நர்ஸிடம் கெஞ்சி அரை மணி முன்னாலேயே கழற்றிக்கொண்டு வருகிறாயாம். போன வாரம் இரண்டு தடவை. இதற்காகத்தான் எங்களை அனுப்பினாயா என்று கேட்க மாட்டேன். முழு நாலு மணி நேரம் இரு. அலுப்பாக இருந்தால் என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது, நேரம் போய்விடும்.

இந்தத் தாளைப் பற்றி உனக்குத் தெரியும் என்று அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே. அவர் தன் வாயால் உன்னிடம் சொல்லட்டும். சொல்லும்போது உடனே வாயைத் திறக்காதே. ஒருநாள் பொறுத்துப் பதில் சொல்.

கடைசியாக ஒன்று. அதே தாள் எழுதப்படாமல் வெறுமையாக இன்னொன்று மருத்துவமனையில் கிடைக்கும். அத்தானை ஒன்று வாங்கி வைக்கச் சொல். உறவு என்ற இடத்தில் ஒன்றும் எழுத வேண்டாம், நான் வந்து எழுதிக்கொள்கிறேன். யாருக்கு என்று கேட்டால் உனக்குத் தெரியாது என்று சொல்.

நாங்கள் வந்து சேரும்வரை பத்திரமாக இரு அக்கா.

உன் தம்பி