பக்கத்து பிளாட்டில் பேர்சியன்

வெள்ளிக்கிழமை, இரவு

வெள்ளியில் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. மகன் கொண்டுவந்த பேர்சியன் பூனைக்கும் சோறும் பருப்பும்தான் பிசைந்து வைத்தேன். முகர்ந்துவிட்டுப் பல்கனியால் பக்கத்து பிளாட்டுக்குத் தாவிவிட்டது. மூன்றாம் மாடி!

என் ஈரத்துணி காற்றில் தன் பல்கனிப் பக்கம் சொட்டுகிறதென்று முறையிட்ட பரீதா வீடு அது. அன்றிலிருந்து அவளோடு கதைப்பதில்லை. ஆனாலும் தட்டினேன்.

“உள்ளுக்கு வாங்க. ஒங்கட ராணி பாரைமீன் தின்டுட்டு ஈக்கிறா.”

இதன் பரம்பரை ஈரானில் இருந்து வந்ததாம். உண்மைதான். நீள மயிரில் ஒரு துளி குழம்பு படாமல், என்னை நிமிர்ந்தும் பாராமல், என்ன நிதானம்! ஊர்ப்பூனை என்றால் கவ்விக்கொண்டு ஓடியிருக்கும்.

“தேத்தண்ணி குடிப்பீங்களா?”

கோபம் தீரவில்லை. ஆனால் அது தின்று முடிக்கும்வரை தூக்க மனம் வரவில்லை. குடித்தேன். சீனி கொஞ்சம் கூடுதல்.