நான் கேட்காத மன்னிப்பு

அன்புள்ள சின்னவனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், சலவைக் கடையும் குறையில்லாமல் நடக்கிறது. அங்கே நீயும் மருமகளும் பாப்பாவும் அதே மாதிரி இருக்க வேண்டும், வேலை தேடுகிற அலைச்சலில் நீ நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். இதைப் போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் எதையோ தட்டிக்கொண்டிருப்பாய், அந்த டக்கு டக்கு சத்தம் எனக்குக் கேட்காது என்று உனக்கு நினைப்பு. காகிதத்தில் எழுதினால் உட்கார்ந்து படித்துத்தானே ஆக வேண்டும். நான் படித்த அஞ்சாம் வகுப்புக்கு எழுத்து இப்படித்தான் கோணிக்கொண்டு வரும், பொறுத்துக்கொள்.

அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. பெரிய வாஷிங் மெஷின்தான் இப்போது அவரைவிட அதிகமாக முனகுகிறது, தண்ணீர் பிழிய ஆரம்பித்தால் லாரி ஒன்று கடைக்குள் வந்து நிற்கிற மாதிரி இருக்கும், பக்கத்தில் நின்று பேசினாலும் கேட்காது. ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டிருக்கிறேன். போன தடவை ஒரு ஸ்க்ரூவைக் குறைவாக மாட்டிவிட்டுப் போனவர், வந்ததும் முதலில் அதைத்தான் கேட்கப் போகிறேன். பாப்பா பல் விழுந்து சிரிக்கிற படம் பார்த்தேன். உனக்கும் முதலில் விழுந்தது அதே கீழ்ப்பல்தான், அன்றைக்கு நீலச் சட்டை போட்டிருந்தாய், பல்லைக் கைக்குள் பொத்திக்கொண்டு இதைத் திரும்ப ஒட்ட முடியுமாம்மா என்று அழுதுகொண்டே வந்தாய். நான் அனுப்பிய கம்பளிச் சால்வை வந்து சேர்ந்ததா என்று மருமகள் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. ஞாபகம் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உனக்குப் போன் பண்ணி, உன் மாமாவுக்கு என்னடா எழுதினே என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேனே, அதற்கு முன்னால் இங்கே என்ன நடந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. அன்று காலையில் கடையில் நல்ல கூட்டம். நான் ஒரு கோட்டின் கைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், வெளுக்கப் போட்ட ஜன்னல் திரையை வாங்கிப் போக வந்த டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்த சத்தம் கேட்டு நிமிர்ந்தால் என் தம்பி. நீ அரைக்கால் சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போன காலத்தில் நம் வாசலைக் கடைசியாக மிதித்தவன். தலை நரைத்து, வயிறு முன்னால் வந்து, கண் இரண்டும் கலங்கி, போனை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அக்கா, நீயே எறங்கி வந்தப்புறம் நான் வராம இருந்தா நான் மனுஷனா என்றான். நான் எங்கடா எறங்கினேன், ஏணி மேலயா நின்னுட்டிருந்தேன் என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் போனைப் பார்த்து உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டான். மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு என்று ஆரம்பம். கடந்த காலத்தில் எங்கள் தரப்பில் நேர்ந்த தவறுகளுக்காக என் சார்பிலும் என் தாயாரின் சார்பிலும் மனப்பூர்வமாக மன்னிப்புக் கோருகிறேன், நம் உறவுப் பாலத்தை மீண்டும் கட்டியெழுப்ப விரும்புகிறேன் என்று போகிறது, அதற்கப்புறம் ஒரு வேலை இருந்தால் சொல்லவும் என்று முடிகிறது. பெஞ்சில் இருந்த டீச்சர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் இத்தனை வருஷத்தில் ஒரு துணியைக் கருக்கினவள் இல்லை, அன்றைக்குக் கருக்கியிருப்பேன், உன் அப்பா பின்னாலிருந்து ஓடி வந்து இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தார்.

அவன் அதோடு விட்டானா. பெஞ்சில் உட்கார்ந்து டீ வாங்கிக் குடித்துவிட்டு, பழசையெல்லாம் நான் மறந்துட்டேன்க்கா, உன்னை மன்னிச்சுட்டேன், மனசுல ஒண்ணும் வச்சுக்காதே என்கிறான். என்னை. அவன். மன்னித்துவிட்டானாம். உன் அப்பா என்னடாவென்றால் முகமெல்லாம் பல்லாக, வா மச்சான், இளைச்சுட்டியே என்கிறார். அந்த வயிற்றைப் பார்த்து இளைத்துவிட்டாயே என்று சொல்ல அவரால்தான் முடியும். எனக்கு நாக்கு நுனியில் எல்லாம் வந்து நின்றது. ஆனால் நீ போன மாதம் போனில் சொன்னது ஞாபகம் வந்தது, பாப்பா ஸ்கூல் விட்டு வந்ததும் அப்பா வீட்ல இருக்கார்னு குதிக்கிறா, அவளுக்குச் சந்தோஷம், எனக்குத்தாம்மா வெக்கமா இருக்கு என்றாயே. நீ ஸ்டோரில் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடினதிலிருந்து உன் குரல் எப்படி இறங்கிக்கொண்டே வந்தது என்று எனக்குத்தான் தெரியும். லிப்ட் ரிப்பேர் கம்பெனி வைத்து நாலு ஊரில் ஆள் வைத்திருக்கிறவன் நமக்குத் தெரிந்தவர்களில் அவன் ஒருத்தன்தான். அதனால் வாயை மூடிக்கொண்டு டீ டம்ளரைக் கழுவினேன். அந்த டம்ளர் அன்றைக்கு மாதிரி என்றைக்கும் பளபளத்ததில்லை.

சாயங்காலம் கேட்டபோது நீ என்ன சொன்னாய். ஏஐதாம்மா எழுதிச்சு, தெரிஞ்சவங்க எல்லாருக்கும் ஒரே மூச்சுல அனுப்பினேன், மாமாவோட ரொம்ப நாளாப் பேச்சில்லை, அம்மாவுக்கும் அவருக்கும் மனஸ்தாபம், வேலை கேக்கணும், பக்குவமா எழுதிக் குடுன்னு மட்டும்தான் சொன்னேன், எழுதினதை நான் முழுசாப் படிக்கலை என்றாய். உன் மேல் எனக்குக் கோபம் வந்தது, அதன் மேல் வரவில்லை. அதற்கு என்ன தெரியும். மனஸ்தாபம் என்றால் யாராவது ஒருத்தர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது, கேட்க வேண்டியது யார் என்று நீதான் சொல்லவில்லை. சொல்ல உனக்கும் முழுசாகத் தெரியாது, அதனால் இப்போது சொல்கிறேன். உன் அப்பா பெரிய ஹோட்டலில் துணி துவைக்கிற அறையில் வேலை பார்த்தபோது ஈரத் தரையில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாரே. உன் மாமா பார்க்க வந்தான். வார்டுக்கு வெளியே தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்று, கூட வந்த சிநேகிதனிடம், படுத்துக்கிட்டே சம்பளம் வாங்க எங்க அத்தானுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் என்று சொல்லிச் சிரித்தான். பழுப்புக் கலர் சட்டை, மேல் பொத்தான் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே உன் அப்பா அதைக் கேட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். வருஷம் போனதே தவிர அந்த முகம் திரும்பினது என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அவர் எப்பவோ மறந்துட்டேன் என்கிறார். அவர் மறந்தால் என்ன, நான் மறக்கவில்லையே.

புதன்கிழமை அவன் மறுபடி வந்தான், கையில் வெளுக்க ஒரு கோட்டு. வந்தவன், அக்கா, உன் பையன் விஷயத்தை முடிச்சுட்டேன், அவன் இருக்கிற ஊர்ல நம்ம ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோர் ஒண்ணு இருக்கு, அங்க வந்து சேரச் சொல்லு, நீ மன்னிப்பெல்லாம் கேட்டப்புறம் செய்யாம இருப்பேனா, பெருசா வேலைன்னு ஒண்ணும் குடுக்க மாட்டாங்க, ஏதோ ஒரு ஓரமா உட்கார்ந்துட்டுப் போகட்டும் என்றான். ஓரமா உட்கார்ந்துட்டுப் போகட்டும். அதே குரல், அதே சிரிப்பு. வாயை மூடிக்கொண்டிருந்தால் உனக்கு வேலை, திறந்தால் போச்சு. உன் முகமும் பாப்பா முகமும் வந்து வந்து போயின. கையில் இருந்த சட்டைக் காலரைத் தேய்த்து முடிக்கிற வரைக்கும் யோசித்தேன், அப்புறம் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். டேய், நான் உன்கிட்ட மன்னிப்பு கேக்கலை, என் பையனும் கேக்கலை, அதை எழுதினது ஒரு ஏஐ, இவன் படிக்காம அனுப்பிட்டான், வேலை போச்சுன்னா போகட்டும், என் புருஷனும் படுத்துக்கிட்டு சம்பளம் வாங்கினவர் இல்லை, என் பையனும் ஓரமா உட்கார்றவன் இல்லை என்று தண்ணீர்க் குழாயிலிருந்து பொத்தான் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். உன் வேலையை நானே என் வாயால் கெடுத்துவிட்டேன் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன்.

அவன் கத்துவான் என்று பார்த்தேன். கத்தவில்லை. கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றான். அப்புறம், சொன்னேன்க்கா, சொன்ன அன்னைக்கே நாக்கைக் கடிச்சுக்கிட்டேன், அப்புறம் நீ முகங்குடுத்துப் பேசலை, நானும் வீம்பா இருந்துட்டேன் என்றான். உன் பையன் மெசேஜ் வந்ததும் இது என்னடா தலைகீழா இருக்குன்னுதான் நெனச்சேன், ஆனா தானா வந்த மன்னிப்பை எதுக்கு வேண்டாம்னு சொல்லணும்னு பையில போட்டுக்கிட்டேன் என்றான் பார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன், அதை அவனுக்குக் கொடுக்க மனசில்லை. எங்கிட்ட ஏன் சொல்றே, உள்ள இருக்கார், போய் அவர்கிட்ட சொல்லு என்றேன். பின்னறைக்குப் போனான். அந்த நேரம் பார்த்து மெஷின் பிழிய ஆரம்பித்துவிட்டது. அவன் உன் அப்பா முன்னால் நின்று ஏதோ சொல்கிறான், வாய் மட்டும் அசைகிறது, ஒரு வார்த்தை காதில் விழவில்லை. உன் அப்பா தலையை ஆட்டினார், ஈரக் கையோடு அவன் தோளைத் தட்டினார், சட்டையில் அஞ்சு விரலும் பதிந்துவிட்டது. அவன் போனதும் என்ன சொன்னான் என்று கேட்டேன். மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை, ஆனா அவன் முகத்தைப் பார்த்தா பாவமா இருந்தது, அதான் தலையாட்டினேன் என்றார். அன்று முழுக்க எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே துணி மடித்தார். மறந்துவிட்டேன் என்று இத்தனை வருஷம் சொன்னவரைச் சொல்கிறேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று உன் மாமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வேலை கேட்டு தினம் எனக்கு எவ்வளவோ வருதுக்கா, எல்லாம் ஒரே அச்சு, முதல் வரியோட மூடிடுவேன், அக்கா பேச்சு வந்ததாலதான் இதைக் கடைசி வரைக்கும் படிச்சேன், அவனுக்கு என்ன தெரியும்னு அதுல ஒரு வரிகூட இல்லை, அவனையே எழுதச் சொல்லு, சரிப்பட்டா எடுப்பேன், இல்லைன்னா இல்லைன்னுடுவேன் என்றான். எனக்கு அதுதான் நல்லதாகப் பட்டது. வேலை கிடைத்தது என்று இந்தக் கடிதத்தில் எழுத முடியவில்லை, ஆனால் கிடைத்தால் அது உன்னுடையதாக இருக்கும்.

அந்த ஏஐயை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. நானும் கையால் துவைக்கிறதை விட்டு எத்தனையோ வருஷமாகிறது. ஆனால் மெஷினில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பாக்கெட்டையும் துழாவிப் பார்ப்பேன், பேனா இருக்கும், சாவி இருக்கும், ஒரு தடவை ஒருத்தருடைய பொய்ப்பல்லே இருந்தது. நீ துழாவாமல் போட்டுவிட்டாய், அவ்வளவுதான் உன் தப்பு. போன வாரம் மருமகள் போனில் உன் விண்ணப்பம் ஒன்றைப் படித்துக் காட்டினாள், ஆர்வமும் அர்ப்பணிப்பும் கொண்டவன் என்று இருந்தது, இது யாரைப் பத்தி என்று கேட்டேன், உங்க பையனைப் பத்திதான் அத்தை என்றாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தவன் தொழிற்சாலை ஸ்டோரில் கரண்ட் போன அன்றைக்கு இருட்டில் கையாலேயே தடவி, கேட்ட பேரிங்கை எடுத்துக் கொடுத்தவன். அடிக்கடி கேட்கிற சாமானை இடுப்பு உயரத்துக்கு மாற்றி வைத்து, வயசானவர்கள் ஏணி ஏறுகிறதை நிறுத்தினவன். நீயே எங்கிட்ட சொன்னது, எந்தச் செவ்வாய்க்கிழமை சொன்னாய் என்றுகூடச் சொல்வேன். அதை எழுது. கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. எழுத்துப் பிழையை அந்த ஏஐ பார்த்துக் கொடுத்தால் கொடுக்கட்டும்.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடியில்லாமல், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும். பாப்பாவுக்கு என் முத்தம், புதுப் பல் நேராக முளைக்கட்டும். எதை அனுப்புவதாக இருந்தாலும் அனுப்பும் முன் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார், மறந்துவிடாதே. இன்னொன்று, அம்மா உங்களை மன்னிச்சுட்டாங்க என்று மாமாவுக்கு நீயாகவும் எழுதாதே, அந்த ஏஐயை விட்டும் எழுதவைக்காதே. அது என் வேலை, நான் நிதானமாகப் பார்த்துக்கொள்கிறேன். அவன் விட்டுப்போன கோட்டிலும் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது, அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இரட்டை நூல் போட்டுத் தைத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வாங்க வருவான். நான் சொல்லப் போவதில்லை, அவனாகப் பார்த்தால் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா